கடைக்கு வழி தெரியும்... விட்டவர்கள் கூடும் இடத்துக்கு?

வலையபட்டிக்குப் புதிதாக வரும் ஒருவர் டீக்கடையில் நின்று, "டாஸ்மாக் எந்தப் பக்கம்ணே?" என்று கேட்டால் பதில் சொல்ல நாலு பேர் வருவார்கள். இடது கைப் பக்கம் திரும்பு, ஊருணியைத் தாண்டு என்று வழி மட்டுமல்ல, கடை எத்தனை மணிக்குத் திறக்கும், எத்தனை மணிக்குச் சாத்தும் என்பது வரை சொல்லி அனுப்புவார்கள்.

அதே ஆள், "குடியை விட்டவங்க கூடிப் பேசுற இடம் பக்கத்துல எங்கயாச்சும் இருக்காண்ணே?" என்று கேட்டால்? டீ ஆற்றும் கை ஒரு கணம் நிற்கும். அடுத்து வருவது பதிலாக இருக்காது. "யாருக்குத் தம்பி?" என்ற கேள்வியாகத்தான் இருக்கும்.

அந்த "யாருக்கு"தான் பெரிய தடை. செட்டிநாட்டு ஊர்களில் ஒருவருக்கொருவர் தெரியாத ஆள் இல்லை. இன்னார் மகன், இன்னார் மருமகன், எந்த வளவு, எந்தத் தெரு என்று சொல்லாமலே தெரியும். கல்யாணத்துக்கும் சாவுக்கும் ஊரே வந்து நிற்பது இதனால்தான். குடியிலிருந்து வெளியே வர நினைப்பவர் வாய் திறக்கப் பயப்படுவதும் இதனால்தான். அவர் குடிப்பது ஊருக்கே தெரியும். ஆனால் அதற்கு உதவி தேடுகிறார் என்று தெரிந்துவிட்டால் மானம் போய்விடும் என்று வீடே நினைக்கிறது. யோசித்தால் விசித்திரமான கணக்குத்தான். தெருவில் விழுந்து கிடப்பதைவிட மருத்துவமனையில் டோக்கன் வாங்குவது கேவலமா?

இந்தக் கணக்குக்கு நாடு கொடுக்கும் விலையைச் சொல்ல ஒரு எண் போதும். மத்திய சமூக நீதி அமைச்சகத்துக்காக டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனை நடத்திய கணக்கெடுப்பு 2019-ல் வெளியானது. இந்தியாவில் 10 முதல் 75 வயது வரை உள்ளவர்களில் 14.6 சதவிகிதம் பேர் மது அருந்துகிறார்கள். அதாவது ஏறக்குறைய 16 கோடிப் பேர். இதில் மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவர்தான் ஏதாவது ஒரு சிகிச்சையைப் பெற்றதாகச் சொல்லியிருக்கிறார். மருத்துவமனையில் தங்கி சிகிச்சை பெற்றவர் 180 பேருக்கு ஒருவர். மீதிப் பேர் என்ன செய்கிறார்கள்? சத்தியம் செய்கிறார்கள்.

பிள்ளை தலையில் அடித்துச் சத்தியம். கருப்பர் கோயில் வாசலில் சத்தியம். கையில் கயிறு. இவற்றைக் கேலி செய்ய வேண்டியதில்லை. ஐயப்பனுக்கு மாலை போட்ட ஒரு மண்டலமும் ஒரு சொட்டுத் தொடாத ஆண்களை எல்லா ஊரிலும் பார்க்கலாம். மாலையைக் கழற்றிய மறுநாளே கடை வாசலில் நிற்பவர்களையும் பார்க்கலாம். 48 நாள் முடிந்தவருக்கு 49-வது நாள் ஏன் முடியவில்லை?

மாலை போட்டிருந்த நாட்களில் அவர் தனியாக இல்லை. விடிகாலையில் குளிக்க எழுப்பக் கூட்டாளி உண்டு. சாயங்காலம் பஜனை உண்டு. "சாமி" என்று கூப்பிட்டு மரியாதை தரும் தெரு உண்டு. வழக்கமாகக் கூப்பிடும் குடித்தோழன்கூட ஒதுங்கிப் போவான். தைப்பூசத்துக்குச் செட்டிநாட்டிலிருந்து பழனிக்கு நடக்கிறவர்கள் தனித்தனியாகவா நடக்கிறார்கள்? பாதம் வெடித்தவரை இன்னொருவர் பேச்சுக் கொடுத்தே அடுத்த மண்டபம் வரை கூட்டிப் போய்விடுவார். மாலையைக் கழற்றும்போது அந்தக் கூட்டமும் கலைகிறது. பழைய ஆறு மணியும் பழைய சிநேகிதர்களும்தான் மிச்சம்.

அந்தக் கூட்டத்தை வருடம் முழுக்க வைத்துக்கொள்ள ஒரு வழி உண்டு. அது தொடங்கியதே, தெரியாத ஊரில் ஒருவர் துணை தேடி போன் செய்ததில்தான்.

1935-ம் வருடம், மே மாதம். அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில் அக்ரன் என்ற ஊர். நியூயார்க்கில் பங்குச் சந்தைத் தொழில் செய்து வந்த பில் வில்சன் வியாபார வேலையாக அங்கே வந்திருந்தார். வந்த காரியம் தோல்வி. கையில் பணம் இல்லை. குடியை விட்டுச் சில மாதங்களே ஆகியிருந்தன. தங்கியிருந்த மேஃப்ளவர் ஹோட்டலின் கீழ்த்தளத்தில் ஒரு பக்கம் மதுக்கூடம். சிரிப்பும் சத்தமும் கேட்கிறது. இன்னொரு பக்கம் டெலிபோன். அருகே உள்ளூர் தேவாலயங்களின் பட்டியல். அவர் டெலிபோன் பக்கம் போனார். பட்டியலில் இருந்த ஒரு பாதிரியாரைப் பிடித்து, தன்னைப் போலவே குடியோடு போராடும் இன்னொருவரிடம் பேச வேண்டும் என்று கேட்டார். அவர் சிலருடைய பெயர்களைக் கொடுத்தார். ஒவ்வொருவராகக் கேட்டுக் கேட்டு, ஹென்ரியட்டா சைபர்லிங் என்ற பெண்மணி வழியாக உள்ளூர் அறுவை சிகிச்சை மருத்துவர் பாப் ஸ்மித்திடம் போய்ச் சேர்ந்தார்.

மே 12, அன்னையர் தினம். "பதினைந்து நிமிடம்தான் இருப்பேன்" என்று மனைவியிடம் சொல்லிவிட்டு வந்த டாக்டர் பாப், இரவு 11 மணிக்கு மேல்தான் கிளம்பினார். அவர் கடைசியாகக் குடித்தது அதே வருடம் ஜூன் 10. அந்த நாளைத்தான் 'ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்', சுருக்கமாக ஏ.ஏ., தன் பிறந்தநாளாக வைத்துக்கொண்டிருக்கிறது.

டாக்டரான பாப்புக்குக் குடியின் கெடுதலைப் பற்றித் தெரியாதா? யாரும் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. அதுவரை அவரிடம் பேசியவர்கள் எல்லோரும் புத்தி சொன்னார்கள். பில் தன் கதையைச் சொன்னார். அதுவும், அவரைத் திருத்துவதற்காக இல்லாமல், தான் குடிக்காமல் இருப்பதற்காகச் சொன்னார்.

இந்தியாவில் ஏ.ஏ. 1957-ல் வேர் பிடித்தது. தமிழ்நாட்டில் பெரிய ஊர்களில் தமிழிலேயே கூட்டங்கள் நடக்கின்றன. தேவாலயத்தின் பக்கத்து அறை, பள்ளிக்கூட வகுப்பறை, மருத்துவமனையின் ஒரு மூலை என்று கிடைத்த இடத்தில் சுமார் ஒரு மணி, ஒன்றரை மணி நேரம். உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியாததால்தான் பலர் வாசலோடு திரும்பிவிடுகிறார்கள். அதனால் கொஞ்சம் விவரமாகவே பார்த்துவிடலாம்.

நாற்காலிகள் இருக்கும்; இல்லாவிட்டால் பாய். டீ இருக்கும். பதிவேட்டில் விலாசம் எழுதச் சொல்ல மாட்டார்கள். ஆதார் கேட்க மாட்டார்கள். கட்டணம் கிடையாது, செலவுக்கு ஒரு பை சுற்றி வரும், இருப்பவர் போடலாம், இல்லாதவர் அடுத்தவரிடம் நகர்த்தலாம். சேருவதற்கு ஒரே தகுதி, குடியை நிறுத்தவேண்டும் என்ற ஆசை. நிறுத்தியிருக்க வேண்டும் என்பதுகூட இல்லை. ஒருவர் எழுந்து பெயரை மட்டும் சொல்வார், தான் ஒரு குடிநோயாளி என்பார், தன் கதையைச் சொல்வார். வயலை விற்றது, மகள் சடங்கன்று விழுந்து கிடந்தது, மூன்று முறை நிறுத்தி மூன்று முறை விழுந்தது. குறுக்கே யாரும் பேச மாட்டார்கள். முடித்ததும் அறிவுரை வராது. அடுத்தவர் தன் கதையைத் தொடங்குவார். புதிதாக வந்தவர் வாயே திறக்காமல் உட்கார்ந்திருந்து வீட்டுக்குப் போகலாம்.

போகும்போது ஒரு போன் நம்பர் கிடைக்கும். அதுதான் முக்கியம். குடிக்கவேண்டும் என்று கை பரபரக்கும் நேரத்தில், அந்தப் பரபரப்பைத் தானே அனுபவித்த ஒருவரின் நம்பர். "வாழ்நாள் முழுக்கத் தொட மாட்டேன்" என்ற சத்தியத்தை அங்கே யாரும் கேட்பதில்லை. இன்று ஒருநாள், அவ்வளவுதான். நாளையை நாளை பார்த்துக்கொள்ளலாம்.

கூட்டத்தில் கடவுளைப் பற்றிய பேச்சு வரும். ஆனால் எந்தச் சாமி என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அவரவர் நம்புகிற சக்தி. சர்ச் அறையில் நடப்பதால் மதம் மாற்றிவிடுவார்களோ என்று பயப்படுகிறவர்கள் உண்டு. அது வாடகை குறைவான இடம் என்பதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை. இந்த முறை ஒத்துவராதவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு மருத்துவமனையின் மனநலப் பிரிவில் தனி ஆலோசனையும் மருந்தும் உண்டு. இரண்டையும் சேர்த்துச் செய்வதில் தப்பே இல்லை.

சரி, இப்படி உட்கார்ந்து பேசினால் குடி போய்விடுமா? நியாயமான சந்தேகம். 2020-ல் காக்ரேன் அமைப்பு 27 ஆய்வுகளை, மொத்தம் 10,565 பேரைப் பற்றியவற்றை, ஒன்றாக வைத்துப் பார்த்தது. முழுதாகக் குடிக்காமல் இருக்க வைப்பதில் ஏ.ஏ. வழியும், அதை ஒட்டி மருத்துவர்கள் தரும் பயிற்சியும் மற்ற மனநலச் சிகிச்சைகளுக்குச் சமமாகவோ, சிலவற்றில் கூடுதலாகவோ பலன் தந்திருக்கின்றன. காசு வாங்காத ஒரு அறைக்கு இது சின்னப் பாராட்டு இல்லை.

சரி, இடத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?

வலையபட்டிக்குள்ளேயே தேடாதீர்கள். இதில் தூரம் நல்லது. சொந்த ஊரில் கூட்டம் என்றால் செருப்பைக் கழற்றுவதற்குள் செய்தி வீட்டுக்குப் போய்விடும். காரைக்குடி, சிவகங்கை, புதுக்கோட்டை, மதுரை, திருச்சி என்று பஸ் போகிற ஊர்களைப் பட்டியல் போட்டு விசாரியுங்கள். காரைக்குடி பஸ் ஸ்டாண்டில் உங்களைப் பார்க்கிறவர், துணி எடுக்க வந்ததாகத்தான் நினைப்பார்.

முதல் போன் 14446. போதையிலிருந்து மீள மத்திய அரசு நடத்தும் இலவச எண். மனம் உடைந்த நள்ளிரவு என்றால் 14416. 'டெலி மானஸ்' என்ற இந்த மனநல உதவி எண் 2022 அக்டோபரில் தொடங்கியது, 24 மணி நேரமும் தமிழில் பேசலாம். தமிழக அரசின் 104-ம் உண்டு. பெயரைச் சொல்ல விருப்பமில்லாவிட்டால், "எனக்குத் தெரிஞ்ச ஒருத்தருக்கு" என்று ஆரம்பியுங்கள். எதிரே இருப்பவருக்குப் புரியும். பாதிப் பேர் அப்படித்தான் ஆரம்பிக்கிறார்கள்.

கேட்கவேண்டியதைக் குறிப்பாகக் கேளுங்கள். "என்ன செய்யலாம்?" என்றால் பொதுவான பதில்தான் வரும். "காரைக்குடியிலிருந்து பஸ்ஸில் போய் வருகிற தூரத்தில் தமிழில் ஏ.ஏ. கூட்டம் எங்கே, எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு? கடைசி பஸ்ஸைப் பிடிக்க முடியுமா?" இப்படிக் கேட்டால் பதிலும் அப்படி வரும். அரசு மருத்துவமனை மனநலப் பிரிவில் இருக்கும் ஆலோசகரிடமும் இதையே கேட்கலாம். எந்தக் கூட்டம் உயிரோடு இருக்கிறது, எது பெயருக்கு நடக்கிறது என்பது பெரும்பாலும் அவர்களுக்குத் தெரியும். 'கூடும் நாள் மாறிவிட்டது' என்பது இந்தக் கூட்டங்களில் சகஜம். கிளம்பும் முன் ஒரு போன் போட்டுவிடுங்கள். எதுவுமே அருகில் அமையவில்லை என்றால் செல்போனிலேயே நடக்கும் தமிழ்க் கூட்டங்கள் இருக்கின்றன. கொரோனா காலத்தில் பரவியவை. கேமராவை அணைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருக்கலாம். வெளிநாட்டில் வேலை பார்த்துவிட்டு லீவுக்கு வந்திருக்கும் நம்மூர்ப் பிள்ளைகளுக்கும் இது தோது.

இங்கே ஒரு எச்சரிக்கை. தினமும் நிறையக் குடிக்கிறவர் கூட்டத்துக்குப் போகும் ஆர்வத்தில் திடீரென்று ஒரே நாளில் நிறுத்தக்கூடாது. முதல் நாளே கை நடுங்கும், வியர்க்கும், தூக்கம் வராது. முதல் இரண்டு நாட்களில் சிலருக்கு வலிப்பு வரும். மூன்றாம் நாள் வாக்கில் சிலருக்குப் புத்தி தடுமாறி, இல்லாத ஆளோடு பேசுவார்கள், சுவரில் பூச்சி ஓடுகிறது என்பார்கள். அதைப் பேய் என்று நினைத்து வேப்பிலை அடித்துக் கொண்டிருந்தால் உயிரே போகலாம். அது மருத்துவ அவசரம். 108-க்கு போன் செய்ய வேண்டிய நேரம். முதலில் டாக்டர், சில நாள் மருந்து, அதன் பிறகு கூட்டம். வரிசை இதுதான்.

இன்னொன்று, வீட்டுப் பெண்களுக்கு. "ஆச்சி, ஒரு பொடி இருக்கு. அவுகளுக்குத் தெரியாம சாம்பார்ல கலந்திருங்க, தானா மறந்துருவாக" என்று யாராவது சொல்லியிருப்பார்கள். வேண்டவே வேண்டாம். குடித்தால் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாமல் செய்யும் டைசல்ஃபிராம் என்ற மாத்திரை உண்மையில் இருக்கிறது. டாக்டர் பரிசோதித்து, நோயாளியிடம் விளக்கி, அவர் சம்மதத்தோடு தருவது அது. தெரியாமல் கொடுத்து, அவர் வழக்கம்போல் குடித்தால் வாந்தி, படபடப்பு, ரத்த அழுத்தம் விழுவது என்று ஆரம்பித்து உயிர் போகும் அளவுக்கு ஆகலாம். விளம்பரத்தில் வரும் பொடிகளில் என்ன இருக்கிறது என்பது விற்கிறவருக்கே வெளிச்சம்.

சாம்பாரில் கலப்பதற்குப் பதிலாக, அந்த ஆச்சி தானே ஒரு கூட்டத்துக்குப் போகலாம். பலருக்கு இது தெரியாது. குடிப்பவரின் மனைவி, அம்மா, பிள்ளைகளுக்காக 'அல்-அனான்' என்று தனிக் கூட்டம் உண்டு. பில் வில்சனின் மனைவி லோயிஸ் 1951-ல் தொடங்கியது. அவர் வந்தால்தான் இவர் போக முடியும் என்று இல்லை. அவர் குடித்துக்கொண்டே இருக்கும்போதும் இவர் போகலாம். பாட்டிலை ஒளித்து வைப்பது, அவர் வேலைக்கு வராததற்குப் பொய்க் காரணம் சொல்வது, கடன்காரனுக்கு வளையலைக் கழற்றிக் கொடுப்பது என்று தன் உடம்பும் மனசும் தேய்ந்த கதையைச் சொல்ல, அதே கதை உள்ள இன்னொரு பெண் எதிரே உட்கார்ந்திருப்பாள். பதினைந்து வருடம் யாரிடமும் சொல்லாததை முதல் நாளே கொட்டிவிடுகிற பெண்கள் உண்டு. கணவன் திருந்துகிறானோ இல்லையோ, இவள் அன்று ராத்திரி தூங்குகிறாள்.

தமிழ்நாட்டில் இந்த நோய்க்கான சிகிச்சை பரவியதற்குக் காரணமும் ஒரு மனைவிதான். முன்னாள் மத்திய நிதியமைச்சர் டி.டி.கிருஷ்ணமாச்சாரியின் பேரன் டி.டி.ரங்கநாதன் குடிநோயால் 1979-ல் இறந்தார். பணத்துக்கும் செல்வாக்குக்கும் குறைவில்லாத வீடு. அவர் மனைவி சாந்தி ரங்கநாதன் வெளியே சொல்லாமல் மூடி மறைத்திருக்கலாம். அவர் அமெரிக்காவின் ஹேசல்டன் மையத்தில் பயிற்சி பெற்று, 1980-ல் சென்னையில் கணவர் பெயரிலேயே சிகிச்சை அமைப்பைத் தொடங்கினார். இன்று டி.டி.கே. மருத்துவமனை என்று தெரிவது அதுதான். 1992-ல் அவருக்கு பத்மஸ்ரீ கிடைத்தது.

வலையபட்டிக்காரர்கள் கவனிக்கவேண்டியது, அந்த அமைப்பு சென்னையோடு நிற்கவில்லை என்பது. இன்றைய திருவாரூர் மாவட்டத்தில் குடவாசல் பக்கம் மஞ்சக்குடி என்ற கிராமம். வயல் வேலை பார்க்கும் ஒருவர் ஒரு மாதம் சென்னைக்கு வந்து படுக்க முடியுமா? கூலி போகும், வீடு பட்டினி. அதனால் மருத்துவக் குழு கிராமத்துக்குப் போனது. 15 நாள் முகாம். ஊர்க்காரர்கள் இடம் கொடுத்தார்கள், ஏற்பாட்டில் கை கொடுத்தார்கள். சொந்த ஊரிலேயே, வீட்டார் வந்து போகிற தூரத்தில் சிகிச்சை. முகாம் முடிந்த பின்னும் குழு திரும்பத் திரும்பப் போய் நலம் விசாரித்தது. இந்த அனுபவத்தைச் சாந்தி ரங்கநாதன் எழுதிய கட்டுரை 1994-ல் 'அடிக்‌ஷன்' என்ற சர்வதேச ஆய்விதழில் வந்தது.

மஞ்சக்குடியில் வெட்கம் என்ன ஆனது? ஒரே ஊர்க்காரர்கள் சேர்ந்து படுத்து, சேர்ந்து எழுந்ததால், "யாருக்கு?" என்ற கேள்விக்கு வேலை இல்லாமல் போயிற்று. ஊர் ஒதுங்கி நின்று வேடிக்கை பார்த்தால் ரகசியம்தான் பாதுகாப்பு. ஊரே கை கொடுத்தால் ரகசியம் தேவைப்படுவதில்லை. செட்டிநாட்டில் இடத்துக்கா பஞ்சம்? பூட்டிக் கிடக்கும் பெரிய வீடுகளின் பட்டாலை ஒன்றில் இருபது பேர் தாராளமாக உட்காரலாம். சிகிச்சைக்கு டாக்டர் வேண்டும். ஆனால் வாரம் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேச, விட்டவர்கள் இரண்டு பேர் இருந்தால் போதும். அக்ரனில் இருந்ததும் இரண்டு பேர்தான்.

சிகிச்சை மையம் என்று போர்டு மாட்டிய எல்லா இடத்தையும் நம்பிவிடவும் கூடாது. ராத்திரி வேனில் வந்து ஆளைத் தூக்கிக்கொண்டு போவது, மாதக்கணக்கில் வீட்டாரைப் பார்க்க விடாமல் பூட்டி வைப்பது, அடிப்பது எல்லாம் சிகிச்சை இல்லை. 2017-ம் வருட மனநலச் சட்டத்தின்படி மையத்துக்குப் பதிவு வேண்டும். நோயாளிக்கு உரிமைகள் உண்டு. பதிவுச் சான்று எங்கே, மனநல டாக்டர் எந்த நாளில் வருகிறார், நாங்கள் எப்போது பார்க்கலாம் என்று மூன்று கேள்வி கேளுங்கள். பதில் இழுத்தால் ஆளைக் கூட்டிக்கொண்டு திரும்புங்கள்.

எப்போது பேச்சை எடுப்பது? போதையில் இருக்கும்போது வேண்டாம். அது சண்டையில்தான் முடியும். மறுநாள் காலை, தலைவலியும் குற்ற உணர்ச்சியுமாக அவர் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் நேரம் உண்டே, அந்த அரை மணி. பழைய கணக்கு எதையும் எடுக்காமல், "காரைக்குடிக்கு ஒரு எட்டுப் போயிட்டு வருவமா? நானும் வர்றேன்" என்றால் போதும். வர மாட்டேன் என்றால் விட்டுவிடுங்கள். அடுத்த வாரமும் ஒரு காலை வரும். இடையில் நீங்கள் மட்டும் போய்வாருங்கள். டாஸ்மாக் கடைகள் பகல் 12 மணிக்குத்தான் திறக்கும். அதற்கு முன்னால் ஒரு போனுக்கு நேரம் இருக்கிறது.